எர்த் பின்னைப் புடுங்கச் சொல்லும் மகான்களுக்கு ஒரு பெரிய கும்பிடு

வீட்டுலயே பாட்டுப் பதியலாம், கதை வாசிச்சுப் போடலாம், பாட்காஸ்ட் பண்ணலாம்னு ஆசைப்பட்டு ஒரு யு.எஸ்.பி. ஆடியோ இன்டர்ஃபேஸ் (நம்ம ஊர் பாஷையில 'கார்டு') வாங்கிட்டு வந்தா, அடுத்த வாரத்துக்குள்ள மூணு வகையான மகான்கள் தரிசனம் கட்டாயம் கிடைக்கும்.

முதல் மகான்: "இந்தக் கார்டெல்லாம் வேஸ்ட்டு தலைவா, மாத்திடு."

ரெண்டாவது மகான்: "192-ல வெச்சுப் பதிஞ்சியா? அப்புறம் எப்படி கிளாரிட்டி வரும்?"

மூணாவது மகான்: "ம்ம்ம்ம்னு இரையுதா? சிம்பிள். சார்ஜர்ல இருக்குற எர்த் பின்னைப் புடுங்கிடு. இல்லாட்டி டூ-பின் கன்வர்ட்டர் போடு."

முதல் ஆள் காசுக்கு உலை வைப்பார். ரெண்டாவது ஆள் நேரத்துக்கு. மூணாவது ஆள் உசுருக்கு. இந்தப் பதிவு மூணு பேருக்கும் சேர்த்துத்தான். ஆனா அதிகமா திட்டு வாங்கப் போறது மூணாவது ஆள்.

முதல்ல முதல் மகானைப் பாப்போம்.

நாம பொட்டி தட்டுறவங்க. ப்ரொடக்‌ஷன்ல ஒரு பக் வந்தா "சர்வரை மாத்துங்க சார்"னு எந்த டெவலப்பராவது முதல் வரியிலேயே சொன்னா மேனேஜர் சும்மா விடுவாரா? லாக் பாத்தியா, எப்போ இருந்து வருது, என்ன மாத்தினேன்னு கேப்பார். ஒண்ணொண்ணா கழட்டிப் பாத்து எங்க இருந்து வருதுன்னு கண்டுபிடிக்கிறதுதான் வேலை. ஆனா இந்த ஆடியோ உலகத்துல மட்டும், கேக்குற கேள்வி எதுவா இருந்தாலும் பதில் ஒண்ணுதான்: "அடுத்த மாடல் வாங்கு". சத்தமே வரலையா? வாங்கு. கரகரன்னு வருதா? வாங்கு. லேட்டா கேக்குதா? அதுக்கும் வாங்கு.

ரிச்சி ஸ்ட்ரீட்ல இருந்து ஆன்லைன் வரைக்கும் இதே கதைதான். "யு.எஸ்.பி. 3 கார்டு வாங்குங்க சார், சவுண்ட் க்ளீனா இருக்கும்"னு ஒரு கடையில என்கிட்டயே சொன்னாங்க. கணக்குப் போட்டுப் பாருங்க. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஒரு சேனல்னா வினாடிக்கு 48,000 x 24 = 11,52,000 பிட். ரெண்டு சேனல் உள்ள, ரெண்டு சேனல் வெளிய, மொத்தம் நாலு. வினாடிக்கு 4.6 மெகாபிட். யு.எஸ்.பி. 2-வோட வேகம் 480 மெகாபிட். அதாவது நூத்துல ஒரு பங்கு கூட வேணாம்! தண்ணி லாரி போற ரோட்டுல ஒரு சைக்கிள் ஓட்டுறதுக்கு "ரோடு பத்தல, எட்டு வழிச் சாலை போடுங்க"ன்னு சொல்ற மாதிரி இருக்கு.

கார்டை மாத்துறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது என்னன்னு வரிசையா எழுதறேன். இதுல எதுக்கும் பைசா செலவு கிடையாது, அதிகபட்சம் ஒரு கேபிள் காசு.

1. கார்டையே கம்ப்யூட்டர் கண்டுக்கலையா? கேபிளை மாத்துங்க. போன் சார்ஜரோட வர்ற சில கேபிள்ல கரண்ட் போற கம்பி மட்டும்தான் இருக்கும், டேட்டா கம்பியே இருக்காது. கார்டுல லைட் எரியும், கம்ப்யூட்டருக்கு மட்டும் ஒண்ணும் தெரியாது. அடுத்தது, யு.எஸ்.பி. ஹப். யு.எஸ்.பி. 2 போர்ட் ஒண்ணு தர்றதே 500 மில்லி ஆம்பியர். பவர் அடாப்டர் இல்லாத ஹப்ல மவுஸ், கீபோர்டு, ஹார்ட் டிஸ்க் எல்லாத்தோட இதையும் சொருகினா பாவம் அது என்ன பண்ணும்? நேரா லேப்டாப்புல சொருகுங்க.

2. கார்டுல சிக்னல் லைட் பச்சையா ஆடுது, சாஃப்ட்வேர்ல மட்டும் கோடு நேரா படுத்திருக்கா? விண்டோஸ் 10, 11 ரெண்டுலயும் பிரைவசி செட்டிங்ஸ்ல மைக்ரோஃபோன்னு ஒரு சுவிட்ச் இருக்கு. அது ஆஃப்ல இருந்தா எந்தக் கார்டு போட்டாலும் நிசப்தம்தான். இந்த ஒரு சுவிட்சால திரும்பக் கடைக்குப் போன நல்ல கார்டு எத்தனையோ.

3. கண்டென்சர் மைக்கா? 48 வோல்ட் பட்டனை அமுக்குங்க. அது இல்லாம அந்த மைக் வேலை செய்யாது. ஷூர் எஸ்எம்58 மாதிரி டைனமிக் மைக்குக்கு அது தேவையில்ல.

4. குரல் இடது காதுல மட்டும் கேக்குதா? கார்டோட முதல் இன்புட்டை ஸ்டீரியோ டிராக்ல பதியறீங்க. மோனோ டிராக் ஆக்குங்க. அவ்ளோதான். இதுக்குப் போய் "லெஃப்ட் ரைட் பேலன்ஸ் போயிடுச்சு, கார்டு அவுட்டு"ன்னு தீர்ப்பு எழுதுறவங்களை என்ன சொல்ல.

5. பாடுறது ஹெட்போன்ல லேட்டா கேக்குதா? கார்டுல 'டைரக்ட் மானிட்டர்'னு பட்டனோ குமிழோ இருக்கும். அதைப் போட்டுட்டு, சாஃப்ட்வேர்ல அந்த டிராக்கோட மானிட்டரை நிறுத்துங்க. மைக்ல போறது கம்ப்யூட்டருக்குள்ள போயிட்டு வராம நேரா காதுக்கு வந்துடும். (ரெண்டையும் ஆன்ல வெச்சா நீங்களே உங்களுக்குக் கோரஸ் பாடுற மாதிரி இருக்கும்.) சாஃப்ட்வேர் வழியாத்தான் கேக்கணும்னா பஃபரைக் குறைங்க. 48 கிலோஹெர்ட்ஸ்ல 256 சாம்பிள் பஃபர்னா ஒரு திசைக்கு 5.3 மில்லி செகண்ட். காத்துல ஒலி அந்த நேரத்துல ரெண்டு மீட்டருக்குக் கொஞ்சம் கம்மியா போகும். உள்ள வர ஒண்ணு, வெளிய போக ஒண்ணு, டிரைவருக்குக் கொஞ்சம் கமிஷன். 1024-ல வெச்சுட்டு "தாமதமா கேக்குது, கார்டு மட்டம்"னா அது கார்டோட தப்பா?

6. நடுநடுவுல பட்டாசு வெடிக்குதா? மேல சொன்னதுக்கு நேர் எதிர். பதிஞ்சு முடிச்சு மிக்ஸ் பண்ணும்போது பஃபரை 512, 1024-னு ஏத்துங்க. விண்டோஸ்னா கம்பெனி தர்ற ஆசியோ டிரைவரைப் போடுங்க. 'ஆசியோ4ஆல்'ங்கிறது தனி டிரைவர் கிடையாது, விண்டோஸோட டிரைவருக்கு மேல போட்ட சட்டை, வேற வழி இல்லாதப்போ மட்டும். பவர் பிளானை ஹை பெர்ஃபார்மன்ஸ்ல வைங்க. அப்பவும் வெடிச்சா 'லேட்டன்சிமான்'னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, எந்த டிரைவர் நந்தி மாதிரி குறுக்க உக்காந்திருக்குன்னு பேரோட காட்டிக் கொடுத்துடும். பல சமயம் வைஃபை டிரைவர்தான் குற்றவாளி. பதியும்போது வைஃபையை அணைங்க, பதிவுலகம் ஒரு மணி நேரம் நீங்க இல்லாம நடக்கும் :-)

7. பாட்டோட சுருதியே மாறிடுச்சா? 44.1 கிலோஹெர்ட்ஸ்ல பதிஞ்சதை 48-னு நெனைச்சு எதுவோ ஒண்ணு வாசிக்குது. ஒரு கட்டையில பாடினது ஒண்ணரைக் கட்டைக்கும் ரெண்டு கட்டைக்கும் நடுவுல போய் நிக்கும், வேகமும் கூடும். கார்டோட கன்ட்ரோல் பேனல், விண்டோஸ் சவுண்ட் செட்டிங்ஸ், சாஃப்ட்வேர் மூணுலயும் ஒரே எண்ணை வைங்க.

லினக்ஸ் பார்ட்டிகள் கோச்சுக்காதீங்க. பெரும்பாலான கார்டுகள் 'கிளாஸ் கம்ப்ளையன்ட்', அதாவது பொது விதிப்படி நடக்குறவை. டிரைவர் போடாமலே லினக்ஸ்லயும் மேக்லயும் வேலை செய்யும். விண்டோஸுக்குத்தான் யு.எஸ்.பி. ஆடியோ 2.0 விதியைத் தானாப் புரிஞ்சுக்க 2017 வரைக்கும் ஆச்சு.

அடுத்து ரெண்டாவது மகான், 192 பார்ட்டி.

மனுஷக் காது கேக்குறது சுமாரா 20 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும், அதுவும் சின்ன வயசுல. 44.1-ல பதிஞ்சா 22.05 வரைக்கும் பதியும், 48-ல பதிஞ்சா 24 வரைக்கும். கிளாரிட்டி கிளாரிட்டின்னு இவர் தேடுறது வௌவாலுக்குத்தான் கேக்கும். விலை என்ன தெரியுமா? 24 பிட் ஸ்டீரியோ 48-ல நிமிஷத்துக்கு சுமார் 17 எம்பி. 192-ல 69 எம்பி. கம்ப்யூட்டருக்கு நாலு மடங்கு வேலை, அதனால வர்ற வெடிச் சத்தம் இலவசம். அந்த வெடிச் சத்தத்துக்கு முதல் மகான்கிட்ட போனா அவர் என்ன சொல்வார்னு உங்களுக்கே தெரியும். ரெண்டு பேரும் பார்ட்னர்ஷிப்பான்னு எனக்கு ரொம்ப நாளா சந்தேகம்.

பதிஞ்சதை ரொம்ப மெதுவாக்கி விசேஷ ஒலி தயாரிக்கிறவங்களுக்கு உயர்ந்த ரேட்டால பிரயோஜனம் உண்டு, மறுக்கல. "வணக்கம் நேயர்களே"ன்னு பேசுறதுக்கு வேணாம். 24 பிட் மட்டும் விடாதீங்க. ஏன்னா அதுல கெயினைக் குறைவா வெச்சுப் பதியலாம். உச்சத்துல மைனஸ் 12 டெசிபல்கிட்ட நின்னா போதும். சிவப்பு லைட் எரியிற வரைக்கும் ஏத்தி, உடைஞ்சு போன குரலை அப்புறம் எந்த சாஃப்ட்வேராலயும் ஒட்ட வைக்க முடியாது.

இதெல்லாம் சின்ன விஷயம், சிரிச்சுட்டுப் போகலாம்னு தோணலாம். சிரிக்க முடியாத ஒண்ணைச் சொல்றேன். என் நண்பன் ஒருத்தன், தஞ்சாவூர்ப் பக்கம் அவங்க ஊரு. அவன் பாட்டிக்கு நடவுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரின்னு ஏகப்பட்டது மனப்பாடம், எந்தப் புஸ்தகத்துலயும் இல்லாத வரிகள். பதிஞ்சு வைக்கணும்னு ஒரு கார்டும் மைக்கும் வாங்கினான். இரைச்சல் வந்துச்சு. கேட்டவங்க எல்லாரும் "கார்டை மாத்து"ன்னாங்க. அடுத்த போனஸ் வரட்டும்னு எட்டு மாசம் காத்திருந்தான். நடுவுல பாட்டிக்கு ஸ்ட்ரோக் வந்து பேச்சு போயிடுச்சு. அந்த இரைச்சலுக்குக் காரணம் என்ன தெரியுமா? அந்த ரூம்ல இருந்த எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர். ஃபேனை அணைச்சா இரைச்சலும் இல்ல. அவ்வளவுதான் மேட்டர். இப்போ அவன்கிட்ட ரொம்ப நல்ல கார்டு இருக்கு.

அதனாலதான் "மாத்து மாத்து"ன்னு வாய் கூசாம சொல்றவங்களைப் பாத்தா எனக்குக் கொலவெறி வருது. ஒரு வரி அட்வைஸ் ஒருத்தரை எத்தனை மாசம் நிறுத்தி வைக்கும்னு சொல்றவருக்குத் தெரியாது.

இப்போ மூணாவது மகான். எர்த் பின் புடுங்கி.

முதல்ல ஒரு உண்மையை ஒத்துக்கிறேன். எர்த் பின்னை எடுத்தா பல சமயம் இரைச்சல் நிஜமாவே நின்னுடும். அதனாலதான் இந்த அட்வைஸ் சாகாம சுத்திக்கிட்டே இருக்கு. ஏன் நிக்குது? லேப்டாப் சார்ஜர் ஒரு பிளக்ல, பவர்டு ஸ்பீக்கர் இன்னொரு பிளக்ல. ரெண்டுக்கும் எர்த் வழியா ஒரு தொடர்பு. ஆடியோ கேபிள் வழியா இன்னொரு தொடர்பு. ஆக ஒரு வளையம் ஆயிடுச்சு. நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அது அந்த வளையத்துல புகுந்து ம்ம்ம்ம்னு பாடுது. எர்த்தைப் புடுங்கினா வளையம் உடையுது, இரைச்சல் போயிடுது. சரிதான்.

ஆனா எர்த் எதுக்கு இருக்கு? எந்த பிராஞ்ச் படிச்சிருந்தாலும் முதல் வருஷம் பேசிக் எலக்ட்ரிக்கல்ல ஒரு ரெண்டு மார்க் கேள்வியாவது வந்திருக்கும். உள்ள ஏதாவது ஒரு ஒயர் அறுந்து மெட்டல் பாடியில பட்டா, கரண்ட் எர்த் வழியா பாஞ்சு ஓடும், ஃப்யூஸ் போகும் இல்ல எம்சிபி விழும், நாம பிழைப்போம். எர்த் இல்லன்னா? ஃப்யூஸும் போகாது, எம்சிபியும் விழாது. பாடி 230 வோல்ட்டோட அமைதியா, சமத்தா நிக்கும். யாராவது தொடுற வரைக்கும்.

வீட்டுல பதியிறவன் என்ன பண்றான்? வெறுங்காலோட மொசைக் தரையில உக்காந்து, கிடார் கம்பியை ஒரு கையில புடிச்சுக்கிட்டு, உதட்டை மைக் வலையில உரசிக்கிட்டுப் பாடுறான். கிடார் கம்பி கார்டோட கிரவுண்டுல இருக்கு. மைக் பாடியும் அப்படித்தான். கரண்டுக்கு இதைவிட சௌகரியமா வழி போட்டுக் கொடுக்க முடியுமா?

பயமுறுத்துறேன்னு நெனைக்காதீங்க, நடந்ததைச் சொல்றேன். 1972 மே மாசம், ஸ்வான்சீ நகரம். ஸ்டோன் த க்ரோஸ் குழுவோட கிடாரிஸ்ட் லெஸ்லி ஹார்வி மேடையில சரியா எர்த் ஆகாத மைக்கைத் தொட்டு இறந்து போனார். 1976 மே மாசம், யார்ட்பேர்ட்ஸ் குழுவுல பாடின கீத் ரெல்ஃப், சரியா எர்த் ஆகாத கருவியோட எலக்ட்ரிக் கிடார் வாசிக்கும்போது ஷாக் அடிச்சு இறந்தார். இவர் இறந்தது மேடையில இல்லீங்க, வீட்டுல.

"நான் பத்து வருஷமா எர்த் இல்லாமத்தான் வாசிக்கிறேன், ஒண்ணும் ஆகல"ன்னு ஒரு கோஷ்டி கண்டிப்பா வரும். ஹெல்மெட் இல்லாம பத்து வருஷம் வண்டி ஓட்டினவரும் இதையேதான் சொல்வார். விழாதவர் சொல்ற சாட்சி அது. விழுந்தவர் வந்து சாட்சி சொல்ல மாட்டார்.

சரி, திட்டினது போதும், வழி என்னன்னு கேப்பீங்க. இதோ:

முதல்ல லேப்டாப் சார்ஜரைக் கழட்டி பேட்டரியில ஓட விடுங்க. இரைச்சல் நின்னா கார்டு நிரபராதி, பிரச்சினை கரண்ட் பக்கம். அடுத்து ஸ்பீக்கரைக் கழட்டிட்டு ஹெட்போனை நேரா கார்டுல சொருகிக் கேளுங்க. ஹெட்போன்ல சுத்தமா இருந்து ஸ்பீக்கர்ல மட்டும் இரைஞ்சா, வளையம் ஸ்பீக்கர் பக்கம். பதிஞ்ச ஃபைல்ல ஒரு கறையும் இல்ல, தைரியமா பதியலாம். மைக்கைக் கழட்டி, கெயினைக் குறைச்சுப் பாருங்க. இரைச்சல் போச்சுன்னா மைக் கேபிள் இல்ல ரூம்ல இருக்குற ரெகுலேட்டர், டிம்மர், ஏசி. மவுஸை நகர்த்தினா கீய்ங்னு தொனி மாறுதா? அது யு.எஸ்.பி. வழியா வர்ற சத்தம், வேற போர்ட்டுல போட்டுப் பாருங்க.

கரண்ட் பக்கம்னு தெரிஞ்சா, எல்லா சாமானையும் ஒரே ஸ்பைக் பஸ்டர்ல, ஒரே சுவர் பிளக்ல இருந்து எடுங்க. வளையம் சின்னதாகும், பாதி கேஸ் இதுலயே முடியும். ஸ்பீக்கருக்குப் போற கேபிள் ரெண்டு வளையம் போட்ட முனையோட பேலன்ஸ்டு கேபிளா இருக்கட்டும். ஒரு வளையம் போட்ட கிடார் கேபிளைப் போட்டு ஓட்டாதீங்க. அப்பவும் இரைஞ்சா, ஆடியோ லைன்ல போடுற ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் கடையில கிடைக்கும். வளையத்தை ஆடியோ பக்கம் உடைக்கலாம். எர்த் பக்கம் உடைக்கவே கூடாது.

ரொம்ப முக்கியமானது: லேப்டாப்போட மெட்டல் பாடியைத் தடவினா விரல்ல நமநமன்னு இருக்கா? மைக்குல உதடு பட்டா சுர்ருங்குதா? சார்ஜர் மூணு பின்னா இருந்தும் இப்படின்னா சுவர்ல எர்த் பேருக்குத்தான் இருக்குன்னு அர்த்தம். நிறைய பழைய வாடகை வீட்டுல மூணு ஓட்டை பிளக் இருக்கும், எர்த் ஓட்டைக்குப் பின்னாடி ஒயரே இருக்காது. எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு மீட்டர் வெச்சுப் பாக்கச் சொல்லுங்க. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 230 கிட்ட, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஒண்ணு ரெண்டு வோல்ட், அவ்ளோதான் காட்டணும். நீங்களே மல்டிமீட்டரை விட்டு நோண்டாதீங்க, இது நாம பேட்ச் போடுற ஏரியா கிடையாது. அப்படியே போர்டுல 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கான்னும் பாருங்க. வீட்டுக்காரர் "இத்தனை வருஷமா யாரும் கேக்கல"ம்பார். நீங்க கேளுங்க. இதே பிளக்லதான் உங்க வீட்டு வாஷிங் மெஷினும் கீசரும் ஓடுது.

கார்டு கம்பெனிக்காரங்க எனக்கு எதிரி இல்ல. கார்டை மாத்த வேண்டிய நேரமும் உண்டு. ரெண்டு இன்புட் இருக்கு, மிருதங்கம், வயலின், குரல்னு மூணும் தனித்தனியா வேணும்: மாத்துங்க. ஷூர் எஸ்எம்7பி மாதிரி 60 டெசிபல் கெயின் கேக்குற மைக் வாங்கிட்டீங்க, கார்டால அவ்வளவு முடியல: மாத்துங்க. புது ஓஎஸ்ஸுக்கு டிரைவர் விடுறதை நிறுத்திட்டாங்க: வேற வழியில்ல, மாத்துங்க. இது மூணும் காரணம் தெரிஞ்சு மாத்துறது. "என்னமோ சரியில்ல"ன்னு மாத்தினா அந்த 'என்னமோ' புதுக் கார்டோடயும் வீட்டுக்கு வரும்.

வீட்டுல பதிஞ்சா தரம் வராதுன்னு இன்னமும் சொல்றவங்களுக்கு ரெண்டு தகவல். ரஹ்மான் 1989-ல கோடம்பாக்கத்துல வீட்டை ஒட்டித்தான் பஞ்சதன் ஸ்டூடியோவை ஆரம்பிச்சார், 1992-ல வந்த 'ரோஜா' அங்கதான் உருவாச்சு. பில்லி ஐலிஷோட 2019 ஆல்பம் பெரும்பாலும் லாஸ் ஏஞ்சலஸ்ல அவங்க அண்ணனோட படுக்கையறையில பதிஞ்சது, 2020 கிராமியில வருஷத்தின் சிறந்த ஆல்பம். அவங்ககிட்ட நல்ல சாமான் இருந்துச்சு, சந்தேகமே இல்ல. திறமையும் இருந்துச்சு, அது கடையில கிடைக்காது. ஆனா வீடுங்கிறது தடை இல்ல.

ஆகவே பெருமக்களே, உங்ககிட்ட இருக்குற கார்டு போதும். ஃபேனை அணைங்க, ஜன்னலைச் சாத்துங்க, பீரோவுல தொங்குற துணிக்கு நேரா மைக்கை வைங்க, எதிரொலி பாதியாகும். யாரோட குரலைப் பதியணும்னு மனசுல இருக்கோ அவங்களை இந்த ஞாயித்துக்கிழமையே உக்கார வைங்க. யாராவது வந்து எர்த் பின்னைப் புடுங்கச் சொன்னா, முதல்ல அவர் கையில இருக்குற கட்டிங் பிளேயரைப் புடுங்குங்க.

டிஸ்கி: மேல சொன்ன மகான்கள் யாரையும் தனிப்பட்ட முறையில குறிப்பிடல. தொப்பி யாருக்காவது பொருந்தினா அது மூணு பின் தொப்பியா இருக்கட்டும் :-)